இணையவழி வகுப்பில் யார் யாரோடு பேசுகிறார்கள்? வலைப்பின்னல் பகுப்பாய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையவழிப் படிப்பு நடத்துகிற ஆசிரியர்களும், இதை ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொண்ட மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரிய கணிதம் எதுவும் தேவையில்லை. கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் முக்கால்வாசி புரிந்துவிடும்.

சமூக வலைப்பின்னல் பகுப்பாய்வு என்றால் ஃபேஸ்புக்கை ஆராய்வதா?

இல்லை. ஃபேஸ்புக்குக்கு மட்டுமல்ல, கணினிக்கே மூத்த முறை இது. 1932ல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஊரில் இருந்த ஒரு பெண்கள் பயிற்சிப் பள்ளியிலிருந்து இரண்டே வாரத்தில் 14 பேர் ஓடிப்போனார்கள். வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகம். ஜேக்கப் மொரீனோ என்ற மனநல மருத்துவர், ஹெலன் ஜென்னிங்ஸ் என்பவரோடு சேர்ந்து, அங்கிருந்த பெண்களிடம் யாரோடு சேர்ந்து தங்க விருப்பம் என்று கேட்டு, அதைப் புள்ளிகளும் கோடுகளுமாக வரைந்தார். ஓடியவர்களின் குணத்தைவிட, அந்த வரைபடத்தில் அவர்கள் எங்கே இருந்தார்கள், யாரோடு பிணைந்திருந்தார்கள் என்பதே விஷயத்தை அதிகம் விளக்குகிறது என்றார். அத்தகைய படம் ஒன்று 1933 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸிலும் வந்தது.

அடிப்படை இன்றும் அதேதான். ஆள் ஒரு கணு. இருவருக்கும் இடையே உள்ள தொடர்பு ஓர் இணைப்பு. தனி ஆளின் வயது, மதிப்பெண், ஆர்வம் ஆகியவற்றை அளப்பதற்குப் பதிலாக, ஆட்களுக்கு நடுவில் இருப்பதை அளக்கிறோம்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மொரீனோ வாய்விட்டுக் கேட்டார். நாம் பெரும்பாலும் கேட்பதில்லை, சர்வரில் கிடக்கும் தடயத்தை எடுத்துக்கொள்கிறோம். இந்த முறையில் வரும் குழப்பங்களில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

பதிவுகளை எண்ணினாலே போதாதா?

இரண்டு வகுப்புகள். இரண்டிலும் 30 பேர், இரண்டிலும் 200 பதிவுகள். ஒன்றில் ஒவ்வொருவரும் ஆசிரியருக்குப் பதில் எழுதிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இன்னொன்றில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கிறார், மூன்றாமவர் இருவரையும் சேர்த்து ஒரு கேள்வி கேட்கிறார். எண்ணிக்கையில் இரண்டும் ஒன்று. முதலாவதில் நடப்பது தனித்தனி விடைத்தாள்கள் சமர்ப்பிக்கப்படுவது மட்டும்தான். இந்த வேறுபாட்டைக் காட்டத்தான் வலைப்பின்னல் பகுப்பாய்வு.

தரவு எங்கே கிடைக்கும்?

பெரும்பாலும் உங்கள் கற்றல் மேலாண்மைத் தளத்திலேயே இருக்கிறது. மூடில் என்ற தளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தரவுத்தளத்தில் விவாதப் பதிவுகளுக்கென்று ஓர் அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு பதிவும் ஒரு வரிசை. அதில் பதிவின் எண், எந்த விவாதத்தைச் சேர்ந்தது, எழுதியவரின் எண், எழுதிய நேரம், கூடவே ‘பேரன்ட்’ என்று ஒரு கட்டம். இந்தப் பதிவு எந்தப் பதிவுக்குப் பதிலாக எழுதப்பட்டது என்பதைச் சொல்வது அந்தக் கட்டம்தான். அதில் 0 இருந்தால் விவாதத்தைத் தொடங்கிய முதல் பதிவு. 412 என்று இருந்தால், 412ஆம் பதிவை எழுதியவர் யார் என்று அதே அட்டவணையில் தேடிப் பிடிக்க வேண்டும். ‘எழுதியவர், யாருக்கு எழுதினார்’ என்ற இரண்டு நெடுவரிசைப் பட்டியல் கைக்கு வந்துவிட்டால் வலைப்பின்னல் தயார்.

தரவுத்தளத்தைத் தொட அனுமதி இல்லாவிட்டால் ஒரு சிறிய வகுப்பின் பட்டியலைக் கையாலேயே எக்செலில் தட்டிவிடலாம். சலிப்பான வேலைதான். ஆனால் அப்படிச் செய்தவருக்குத் தரவு பற்றித் தெரிந்திருப்பது, பொத்தானை அழுத்திப் பதிவிறக்கியவருக்குத் தெரிந்திருக்காது.

எதை ‘இணைப்பு’ என்று எடுத்துக்கொள்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். ஒரு சின்ன உரையாடலை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெயர்கள் கற்பனை.

ஆசிரியர் ஒரு கேள்வி போடுகிறார். கயல் ஆசிரியருக்குப் பதில் எழுதுகிறாள். இனியனும் ஆசிரியருக்கே. செல்வி கயலின் பதிவுக்கு மறுப்பு எழுத, கயல் செல்விக்குப் பதில் சொல்கிறாள். நந்தன் ஆசிரியரின் பதிவுக்குக் கீழே இருக்கும் பொத்தானை அழுத்தி எழுதுகிறான். ஆனால் எழுதியிருப்பது, “செல்வி சொல்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது, ஏனென்றால்…” என்று. ரேகா அத்தனையையும் படிக்கிறாள், ஒன்றும் எழுதவில்லை.

அடர்த்தி என்பது இருக்கும் இணைப்புகளை, இருக்கக்கூடிய மொத்த இணைப்புகளால் வகுத்தால் வருவது. ஆசிரியரோடு ஆறு பேர். கயல் செல்விக்கு எழுதுவதும் செல்வி கயலுக்கு எழுதுவதும் தனித்தனி இணைப்பு என்று திசையோடு எண்ணினால் 6 × 5 = 30 சாத்தியம். இருப்பவை ஐந்து. ஆக 0.17.

ஆசிரியரை நீக்கினால் மாணவர் ஐவர், 20 சாத்தியம், இருப்பவை இரண்டு: 0.10. நந்தன் பொத்தானை எங்கே அழுத்தினான் என்பதை விட்டுவிட்டு யாரைக் குறிப்பிட்டான் என்று பார்த்தால் மூன்று இணைப்புகள்: 0.15. ஒன்றும் எழுதாத ரேகாவைக் கணக்கில் எடுக்காவிட்டால் நால்வர், 12 சாத்தியம்: 0.25. ‘ஒரே விவாதத்தில் எழுதியவர்கள் எல்லோரும் ஒருவரோடொருவர் தொடர்புள்ளவர்கள்’ என்ற விதியை வைத்தால், சில ஆய்வுகளில் அப்படித்தான் வைக்கிறார்கள், எழுதியவர்களுக்குள் எல்லாக் கோடுகளும் இருக்கின்றன. அடர்த்தி 1.

ஒரே உரையாடல். 0.10 என்றும் சொல்லலாம், 1 என்றும் சொல்லலாம். எதுவும் தப்புக் கணக்கு இல்லை.

கடைசி விதியில் மட்டும் ரொம்ப ஜாக்கிரதை வேண்டும். முதல் வாரத்து ‘உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்’ விவாத இழையில் 40 பேர் ஆளுக்கொரு பத்தி எழுதிவிட்டுப் போனால், இந்த விதி அதில் (திசை பார்க்காமல்) 780 இணைப்புகளைக் கண்டுபிடித்துவிடும். யாரும் யாரோடும் பேசியே இருக்க மாட்டார்கள்.

இது வெறும் பாடநூல் கவலை அல்ல. இணைப்பை வரையறுக்கும் விதத்தை மாற்றினால் முடிவுகளும் மாறுகின்றன என்பதைக் கற்றல் பகுப்பாய்வுத் துறையில் தனி ஆய்வாகவே செய்து காட்டியிருக்கிறார்கள். எனவே ஓர் ஆய்வறிக்கையைக் கையில் எடுத்தால் முதலில் தேட வேண்டியது வண்ணப் படத்தை அல்ல, ‘இணைப்பு என்று நாங்கள் கொண்டது’ என்ற வாக்கியத்தை. அந்த வாக்கியம் இல்லாத அறிக்கையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

அடர்த்தி எவ்வளவு இருந்தால் நல்ல வகுப்பு?

அப்படி ஓர் எண் கிடையாது. 30 பேர் வகுப்பில் சாத்தியமான இணைப்புகள் 870. 300 பேர் வகுப்பில் 89,700. இரண்டிலும் ஒவ்வொருவரும் பத்துப் பேருக்குப் பதில் எழுதுகிறார்கள் என்று வையுங்கள். அடர்த்தி முதலாவதில் 0.34, இரண்டாவதில் 0.03. உழைப்பு ஒன்றே, எண் பத்தில் ஒரு பங்கு. வெவ்வேறு அளவுள்ள வகுப்புகளின் அடர்த்தியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவது வீண். ஆளுக்குச் சராசரியாக எத்தனை பேரோடு தொடர்பு, இணைப்புகளில் பதிலுக்குப் பதிலாக இருபுறமும் போனவை எத்தனை பங்கு என்று பார்ப்பது மேல்.

மையத்தன்மையில் ஏன் இத்தனை வகை?

மையத்தன்மை என்பது வலைப்பின்னலில் ஒருவர் எவ்வளவு முக்கியமானவர் என்பதன் அளவு. ‘முக்கியமானவர்’ என்பதற்கே பல பொருள் இருப்பதால் இத்தனை வகை. 1970களின் பிற்பாதியில் லின்டன் ஃப்ரீமன் இவற்றைப் பிரித்து ஒழுங்குபடுத்தினார். வகுப்பறை வேலைக்கு மூன்று போதும்.

உள்வரும் இணைப்பு: ஒருவருக்கு எத்தனை பேர் பதில் எழுதினார்கள். அவர் எழுதியது கவனிக்கப்பட்டது என்பதற்கு ஓர் அடையாளம். நல்ல கேள்வி கேட்டாலும் இது கூடும், அபத்தமாக எதையாவது எழுதி எல்லோரும் திருத்த வந்தாலும் கூடும்.

வெளிச்செல்லும் இணைப்பு: அவர் எத்தனை பேருக்கு எழுதினார். பல சமயம் இது பதிவு எண்ணிக்கைக்கு இன்னொரு பெயர்தான்.

இடைநிலை மையத்தன்மை: மற்ற இருவருக்கு இடையிலான மிகக் குறுகிய வழிகளில் எத்தனை இவர் வழியாகப் போகின்றன. மேலே ஆசிரியரை நீக்கிய கணக்கில் நந்தன் செல்வியைக் குறிப்பிட்டதாக எடுத்துக்கொண்டால், நந்தனிலிருந்து கயலுக்குப் போகும் ஒரே வழி செல்விதான். அவளுக்கு இந்த அளவு உண்டு, மற்ற மாணவர்களுக்கு இல்லை. இரண்டு கோஷ்டிகளாகப் பிரிந்து கிடக்கும் வகுப்பில் இருபுறமும் பேசுகிற அந்த ஓரிருவரைக் காட்டிக்கொடுப்பது இதுவே. புதிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிடத் தூரத்துப் பழக்கங்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்று 1973ல் மார்க் கிரானோவெட்டர் வாதிட்டதும், குழுக்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்புபவருக்குக் கிடைக்கும் அனுகூலம் பற்றி 1992ல் ரொனால்ட் பர்ட் எழுதியதும் இந்த அளவை ஆய்வாளர்களுக்குப் பிடித்தமானதாக்கின. என்றாலும் அவர்கள் பேசியது வேலை தேடுபவர்கள், நிறுவனங்கள் பற்றி. மூன்றாம் வாரப் பாடத்தைப் பற்றி இரண்டு வரி எழுதுகிற மாணவருக்கு அதை அப்படியே ஒட்டவைக்க முடியாது.

மையத்தில் இருப்பவர் அதிக மதிப்பெண் எடுப்பாரா?

சில ஆய்வுகளில் ஆம், சிலவற்றில் தொடர்பே தெரியவில்லை, வகுப்புக்கு வகுப்பு மாறுகிறது. ஆம் என்று வரும்போதும் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, பேசியதால் படிப்பு வந்ததா, நன்றாகப் படிப்பவர் சுபாவமாகவே அதிகம் பேசுகிறாரா? இரண்டு, வெறும் பதிவு எண்ணிக்கையை வைத்தே இதே முடிவு கிடைத்திருக்குமா? கிடைத்திருக்கும் என்றால் வலைப்பின்னல் அங்கே அலங்காரம்.

ஆசிரியரைச் சேர்க்கலாமா?

இரண்டு படமும் வரையுங்கள், ஆசிரியரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. ஆசிரியரை எடுத்ததும் படம் உதிர்ந்து தனிப்புள்ளிகளாகிவிட்டால், எல்லாம் அவர் வழியாகவே நடந்திருக்கிறது என்று பொருள். அதுவும் எப்போதும் கெடுதல் இல்லை. ‘சந்தேகங்களை இங்கே கேளுங்கள்’ என்ற இழை நட்சத்திர வடிவத்தில்தான் இருக்கும், இருக்க வேண்டும். விவாதிக்கச் சொன்ன இழையும் அப்படியே இருந்தால் யோசிக்கலாம்.

ஆசிரியரோடு வரைந்த படம் ஆசிரியரைப் பற்றியும் பேசும். 2010ல் ஷேன் டாசன் வெளியிட்ட ஆய்வில், நன்றாகப் படிக்கும் மாணவர்கள் தம்மைப் போன்றவர்களோடே சேர்ந்திருந்ததும், அவர்களுடைய வலைப்பின்னல்களில்தான் ஆசிரியரும் அதிகம் தென்பட்டதும் தெரியவந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. நன்றாக எழுதப்பட்ட பதிவுக்குப் பதில் எழுதுவது சுலபம், அவ்வளவுதான். தன் பெயரிலிருந்து வெளியே போகும் கோடுகள் யார் யாரிடம் போகின்றன என்று பார்ப்பது பல ஆசிரியர்களுக்குச் சங்கடமாக இருக்கும். இந்த முறையின் மிகப் பயனுள்ள உபயோகம் இதுவே என்பது என் கருத்து.

எழுதாமல் படிக்க மட்டும் செய்கிறவர்கள்?

ரேகாவைப் போன்றவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. படத்தில் அவர்கள் தனித்த புள்ளிகள், பட்டியலிலிருந்து வரைந்தால் அந்தப் புள்ளிகூட வராது. ஏனென்றால் இணைப்புப் பட்டியலில் அவர்கள் பெயரே இல்லை. எனவே கணுப் பட்டியலை வகுப்புப் பதிவேட்டிலிருந்து தனியாக எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் எதைத் திறந்து பார்த்தார் என்ற தடயம் பல தளங்களில் இருக்கிறது. அதை வைத்து ‘யார் யாருடையதைப் படித்தார்’ என்று தனி வலைப்பின்னல் வரையலாம். திறந்து பார்த்ததெல்லாம் படித்ததாகாது என்பது வேறு விஷயம். ஆனாலும் ‘தனித்த புள்ளி’ என்பதை ‘அக்கறை இல்லாதவர்’ என்று வாசிக்காமலிருக்க இது உதவும்.

அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொள்கிறார்களே?

பேசிக்கொள்வார்கள், தளத்தில் நடப்பதைவிட அதிகமாகவே. ஆகவே உங்கள் படம் வகுப்பின் படம் அல்ல, தளத்தின் படம். அறிக்கையில் அப்படியே எழுதுங்கள். அந்தக் குழுவுக்குள் எட்டிப்பார்க்க முயலாதீர்கள். தேவையென்றால் மொரீனோ செய்ததைச் செய்யலாம். ‘பாடத்தில் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பீர்கள்?’ என்று ஒரு சின்னப் படிவம் கொடுங்கள். விருப்பமிருப்பவர் நிரப்பட்டும். சர்வர் தடயமும் இந்தப் பதில்களும் எங்கே ஒத்துப்போகவில்லை என்பதே சுவாரசியமான கண்டுபிடிப்பாக அமையலாம்.

எந்த மென்பொருள்?

எக்செல் பழகியவருக்கு நோட்எக்ஸ்எல். படம் அழகாக வேண்டுமென்றால் இலவசமாகக் கிடைக்கும் கெஃபி. நிரல் எழுதுவீர்கள் என்றால் ஆர் மொழியில் ஐகிராஃப், பைத்தானில் நெட்வொர்க்எக்ஸ். மூடில் போன்ற தளங்களின் விவாதப் பக்கத்திலிருந்தே பிரவுசருக்குள் படம் வரைந்து காட்டிய ஸ்னாப் என்ற கருவி, இந்த யோசனையை ஆசிரியர்களிடம் பரப்பியதில் முன்னோடி.

மென்பொருளைவிட முக்கியமானது, படத்தை நம்பாதிருப்பது. கோடுகள் குறைவாகக் குறுக்கிடும்படி கணுக்களை எங்கே வைப்பது என்று மென்பொருளே முடிவு செய்கிறது. இன்னொரு தடவை ஓட்டினால் அதே தரவுக்கு வேறு படம் வரலாம். நட்ட நடுவில் இருக்கும் புள்ளிக்கு மையத்தன்மை அதிகம் என்று கண்ணால் முடிவு கட்டக்கூடாது, எண்ணைப் பாருங்கள். இருநூறு பேரைத் தாண்டினால் படம் சிக்கு விழுந்த நூல்கண்டுதான், வரையாமலே இருக்கலாம். பத்துப் பேருக்குக் கீழே என்றால் பகுப்பாய்வே வேண்டாம், பதிவுகளைப் படித்துவிடுங்கள்.

பருவம் முழுவதற்கும் ஒரே படம் போதுமா?

போதாது. இணைப்புகளைச் சேர்த்துக்கொண்டே போனால் அடர்த்தி ஏறுமே தவிர இறங்காது. பதினைந்தாம் வாரத்தில் வகுப்பு கலகலப்பாகத் தெரியும், நான்காம் வாரத்துக்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்காவிட்டாலும். வாரவாரியாக அல்லது பாடவாரியாக வெட்டி வரையுங்கள். ஏழாம் வாரம் வரை இருந்து எட்டாம் வாரத்தில் காணாமல் போகிறவர் அப்போதுதான் கண்ணில் படுவார்.

வழக்கமான புள்ளியியல் சோதனைகளைப் பயன்படுத்தலாமா?

கவனம் தேவை. அவை ஒவ்வொரு தரவுப் புள்ளியும் மற்றதைச் சாராதது என்று நம்பிக் கட்டப்பட்டவை. இங்கே கயலின் எண் செல்வியின் எண்ணைச் சார்ந்திருக்கிறது, ஒருவரின் வெளிச்செல்லும் கோடு இன்னொருவரின் உள்வரும் கோடு. ஆகவே வேறு வழி: பெயர்களைக் குலுக்கி ஆயிரக்கணக்கான தடவை மாற்றிப்போட்டு, நமக்குக் கிடைத்த எண் தற்செயலாக எத்தனை தடவை வருகிறது என்று பார்ப்பது. இரண்டு வலைப்பின்னல்களை ஒப்பிடும் கியூஏபி முறை இந்த யோசனைதான். ‘பதிலுக்குப் பதில் எழுதும் பழக்கம் இந்த வகுப்பில் தற்செயலைவிட அதிகமா?’ போன்ற கேள்விகளுக்கு அடுக்குச் சமவாய்ப்பு வலைமாதிரிகள் (ஆங்கிலத்தில் ERGM) என்ற புள்ளியியல் மாதிரிகள் இருக்கின்றன. முதல் ஆய்விலேயே அங்கே போக வேண்டியதில்லை.

பதிவுகளின் உள்ளடக்கத்தையும் படிக்க வேண்டுமா?

கட்டாயம். ‘நன்றி தோழி’ என்பதும் முந்நூறு சொல் மறுப்பும் பட்டியலில் ஒரே எடை. இருவருக்கு நடுவில் தடித்த கோடு ஒன்று தெரியும், வகுப்பிலேயே வலுவான உறவு என்று தோன்றும். போய்ப் படித்தால், கோப்பு திறக்கவில்லை, எந்த வடிவில் சேமித்தாய், இப்போதும் திறக்கவில்லை, சரி மின்னஞ்சலில் அனுப்பு என்று ஒன்பது பதிவுகள். சண்டையும் அதே கோடாகத்தான் வரும். மென்பொருளுக்குக் கோபம் தெரியாது.

நடைமுறையில் நல்ல வழி, எண்களை வைத்து எங்கே படிப்பது என்று முடிவு செய்வது. விநோதமாகத் தெரியும் நான்கைந்து இடங்களைக் குறித்துக்கொண்டு அந்த இழைகளை முழுதாகப் படியுங்கள். வகைப்படுத்த ஒரு சட்டகம் வேண்டுமென்றால் கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் 2000ல் முன்வைத்த, சமூக இருப்பு, அறிதல் இருப்பு, கற்பித்தல் இருப்பு என்ற மூன்று பிரிவுகள் இத்துறையில் பரவலாகப் புழங்குகின்றன.

பெயரை நீக்கிவிட்டால் தனியுரிமைச் சிக்கல் தீர்ந்ததா?

தீரவில்லை. வகுப்பில் அதிகம் பேசுகிறவர் யார் என்று வகுப்புக்கே தெரியும். அவரைக் கண்டுபிடித்துவிட்டால் அவரோடு இணைந்தவர்களை வரிசையாக ஊகித்துவிடலாம். பெயர் நீக்கி வெளியிடும் மிகப் பெரிய வலைப்பின்னல்களில்கூடக் குறிப்பிட்ட ஆட்களை அடையாளம் காண முடியும் என்று 2007லேயே பேக்ஸ்ட்ராம், ட்வோர்க், கிளைன்பெர்க் மூவரும் காட்டிவிட்டார்கள். முப்பது பேர் வகுப்பு எம்மாத்திரம்.

பதிவு எழுதும்போதே, இது ஆய்வுக்கும் பயன்படலாம் என்று மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் சம்மதம் தரவில்லை என்றால் அவர் புள்ளியை மட்டும் அழித்தால் போதாது, மற்றவர்கள் அவருக்கு எழுதிய கோடுகளும் போகும். அதனால் அளவுகள் கோணலாகும். அந்தக் கோணலோடு வாழ்ந்துதான் ஆக வேண்டும்.

தனித்து இருப்பவர்களைக் கண்டுபிடித்துவிட்டேன். அடுத்து?

பட்டியலை எங்கும் ஒட்டாதீர்கள். ‘நீங்கள் வகுப்பிலிருந்து விலகி இருப்பதாகக் கணினி சொல்கிறது’ என்று மின்னஞ்சலும் அனுப்பாதீர்கள். அவர் எழுதிய கடைசிப் பதிவுக்கு யாராவது பதில் எழுதினார்களா என்று முதலில் பாருங்கள். எழுதியிராவிட்டால் நீங்கள் எழுதுங்கள். பல நேரம் அது போதும்.

பலர் தனித்திருக்கிறார்கள் என்றால் கோளாறு ஆட்களிடம் இல்லை, கேள்வியில் இருக்கிறது. ஒரே சரியான விடை உள்ள கேள்வியைப் போட்டுவிட்டு விவாதத்தை எதிர்பார்க்க முடியாது. முதல் ஆள் விடையை எழுதியதும் மற்றவர்கள் எழுத என்ன மிச்சம்? 1971ல் எலியட் ஆரன்சன் வகுப்பறைக்காக உருவாக்கிய ஜிக்சா முறை இணையத்திலும் எடுபடும்: சிறு குழுக்கள், ஒவ்வொருவர் கையிலும் பாடத்தின் ஒரு துண்டு, முழுதும் அறிய மற்றவர்களிடம் கேட்டே ஆக வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரைந்து பாருங்கள்.

மையத்தன்மைக்கு மதிப்பெண் கொடுத்தால் மாணவர்கள் அதிகம் கலந்துரையாடுவார்களே?

கோடுகள் அதிகமாகும். ‘அருமையான கருத்து’, ‘நானும் உடன்படுகிறேன்’ என்று வகுப்பில் உள்ள அத்தனை பேருக்கும் ஒவ்வொரு வரி வந்து சேரும், அதுவும் கடைசி நாள் இரவில். அடர்த்தி 1ஐ நெருங்கும். அதன் பிறகு அந்தத் தரவை வைத்து ஆய்வு எதுவும் செய்ய முடியாது. உள்ளே உருப்படியாகப் பேசிக்கொண்டிருந்த நாலு பேரும், தங்கள் இழையில் வந்து விழும் வாழ்த்துகளைத் தாங்காமல் வாட்ஸ்அப்புக்குக் குடிபோய்விடுவார்கள்.